பதில்: ஐந்து வயதுப் பையன் பொய் சொல்கிறான்

பையில் வேறு பிள்ளையின் ரப்பர் இருந்தது, கேட்டால் "மிஸ் கொடுத்தாங்க" என்கிறான், நாலு போட்டால்தான் திருந்துவான் என்கிறார் மாமியார் என்று எழுதியிருந்தீர்கள். அடிக்காதீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டு விக்டோரியா தல்வார், காங் லீ இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், அடி விழும் பள்ளியின் 3, 4 வயதுப் பிள்ளைகள்தான் அதிகம் பொய் சொன்னார்கள். மாட்டிக்கொள்ளாமல் சமாளிப்பதிலும் அவர்களே கெட்டி! திருடன் பட்டமும் வேண்டாம். நாளை கூடவே போய், அவன் கையாலேயே ரப்பரைத் திருப்பிக் கொடுக்க வையுங்கள். உண்மையைச் சொன்னால் திட்டு குறையும் என்பது அவனுக்குத் தெரியட்டும். அப்புறம், "அப்பா வீட்டில் இல்லைன்னு சொல்லு" என்று அவனிடமே போனை நீட்டும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். மாமியாரிடம் உங்கள் கணவரே பேசட்டும்.