கிண்டியில் வேலை, கையில் 32,000 ரூபாய்: எந்த ஏரியாவில் வீடு பார்ப்பது?

கேள்வி: நான் திருச்சியில் இருக்கிறேன். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. பிடித்தம் போகக் கையில் 32,000 ரூபாய் வரும். கணவர் இல்லை. அம்மாவும் நாலாவது படிக்கும் மகளும் என்னோடு வருகிறார்கள். மாதக் கடைசியில் வேலை முடிய இரவு 9 மணி ஆகுமாம். அங்கே வேலை செய்யும் தோழி, ‘வேளச்சேரிதான் சேஃப்’ என்கிறாள். அங்கே சிங்கிள் பெட்ரூம் 15,000, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். குரோம்பேட்டையில் அதே அளவு வீடு 10,000, அட்வான்ஸ் 60,000. சித்தி மகனோ, ‘நகையை விற்று 5 லட்சத்துக்கு லீஸில் எடு, வாடகையே வேண்டாம்’ என்கிறான். சேமிப்பு 1.3 லட்சம். பாதுகாப்பான இடம், கட்டுப்படியாகும் வாடகை இரண்டும் சேர்ந்து கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் பாருங்கள். லீஸ் வேண்டவே வேண்டாம்.

சென்னையில் வீடு தேடுகிறவர்கள் ஏரியா பெயரைக் கேட்டே பயப்படுவார்கள், பெயரைக் கேட்டே நம்பியும் விடுவார்கள். உங்களுக்கு வேண்டிய பாதுகாப்பு, இரவு ஒன்பதரைக்கு ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக் கதவு வரை நடக்கிற அரை கிலோமீட்டரில் இருக்கிறது. வேளச்சேரியிலும் நல்ல வெளிச்சத்தோடு கடைகள் திறந்திருக்கும் தெரு உண்டு, எட்டு மணிக்கே வெறிச்சோடிப் போகும் தெருவும் உண்டு. கூடுதலாக 5,000 கொடுத்துவிட்டு இரண்டாவது வகைத் தெருவில் மாட்டிக்கொண்டால் என்ன பயன்?

கிண்டி ஸ்டேஷன் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் பாதையில் இருக்கிறது. பழவந்தாங்கல், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம் எல்லாம் அதே பாதையில், ஒரே வண்டியில் வந்து இறங்கக்கூடிய இடங்கள். சீசன் டிக்கெட் மாதம் முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். வேளச்சேரி தூரத்தில் பக்கம்தான், ஆனால் அங்கிருந்து கிண்டிக்கு நேர் ரயில் இல்லை, பெரும்பாலும் பஸ்ஸையோ ஷேர் ஆட்டோவையோ நம்ப வேண்டும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அது லாபம். ராத்திரி ஒன்பதுக்கு அந்த பஸ் வருகிறவரை நிற்கத்தான் பொறுமை வேண்டும். ரயிலிலும் ஒரு விஷயம்: நேரம் ஆகிவிட்டால் லேடீஸ் பெட்டி காலியாக இருக்கும். அப்போது கூட்டமுள்ள பொதுப் பெட்டியில் ஏறிவிடுவது மேல்.

இப்போது கணக்கு. குரோம்பேட்டையில் வாடகை 10,000, கரண்ட், தண்ணீர், மெயின்டனன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு 2,000, ரயில் 300. மொத்தம் 12,300. மீதி 19,700. சம்பளத்தில் முப்பது சதவீதத்துக்குள் வாடகை இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். உங்கள் சம்பளத்துக்குச் சென்னையில் அது நடக்காது. எல்லாம் சேர்த்து நாற்பதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். இங்கே அது முப்பத்தெட்டரையில் நிற்கிறது. வேளச்சேரியில் இதே செலவு 17,000ஐத் தாண்டும். மீதி 15,000க்கும் குறைவு. அதில் மூன்று பேர் சாப்பாடு, அம்மா மருந்து, பள்ளிச் செலவு. ஒரு மாதம் காய்ச்சல் வந்தாலே கைமாற்று கேட்க வேண்டியிருக்கும். அட்வான்ஸுக்கோ இப்போதே சேமிப்பு போதவில்லை.

வீடு பார்க்கப் பகலில் ஒரு தடவை போங்கள். பிடித்திருந்தால், வேலை நாளில் இரவு ஒன்பதரைக்கு ரயிலில் வந்திறங்கி அதே வீட்டுக்கு நடந்து பாருங்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு. டாஸ்மாக் பத்து மணிக்கு மூடும். அந்த நேரத்தில் கடை வாசல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதது இல்லை. அது நீங்கள் நடக்கிற வழியில் இருந்தால் வேறு வீடு பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, எத்தனை வீட்டு வாசலில் ஆள் இருக்கிறார்கள், வழியில் ஒரு மெடிக்கல் ஷாப்போ டிபன் கடையோ திறந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். ‘இது நல்ல ஏரியாவா?’ என்று யாரிடமும் கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். மளிகைக் கடை அண்ணாச்சியிடம், ‘ராத்திரி எத்தனை மணிக்குக் கடை அடைப்பீங்க?’ என்று கேளுங்கள். இஸ்திரி வண்டிக்காரரிடம் அந்த வீட்டில் முன்பு இருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள் என்று கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர் சொல்வார்.

அப்புறம் மழை. சென்னையில் பாதுகாப்பு என்றால் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதனால் தரைத்தளம் 1,000 ரூபாய் குறைவு என்றால் உடனே தலையாட்டாதீர்கள். ‘மிக்ஜாமுக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?’ என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். காம்பவுண்டுச் சுவரில் கறை தெரிகிறதா, கரண்ட் மீட்டர் பெட்டியை உயரத்தில் மாற்றி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். குரோம்பேட்டையிலும் தாழ்வான தெருக்கள் உண்டு.

பெரும்பாக்கத்தில் மலிவாக வீடு இருக்கிறது என்றும் புரோக்கர் சொல்லக்கூடும். அங்கே நகரத்து ஆற்றங்கரையோரங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடியமர்த்தியதால் சிலர் அந்தப் பெயரையே பயமுறுத்தப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. உங்களுக்கு அது ஒத்துவராது என்பதற்குக் காரணம் கிண்டிக்கு நேர் ரயில் இல்லாததும் மழைத்தண்ணீரும் மட்டும்தான்.

மகளின் பள்ளியையும் சேர்த்து யோசியுங்கள். கொண்டுபோய் விடப்போவது உங்கள் அம்மா. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் ஜிஎஸ்டி ரோடு, அதாவது பல்லாவரம், குரோம்பேட்டை வழியாகப் போகும் நெடுஞ்சாலை, வரக்கூடாது.

ஹவுஸ் ஓனர் அதே கட்டடத்தில் இருந்தால் தனியாக இருக்கும் பெண்களுக்கு ஒரு தெம்புதான். ஆனால் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார், மாதக் கடைசியில் தாமதமாக வந்தால் முகம் சுளிப்பாரா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ‘வீட்டுக்காரர் எங்கே?’ என்ற கேள்வியும் வரும். அம்மாவோடு போங்கள், வேலை பார்க்கும் இடத்தைச் சொல்லுங்கள், அதற்கு மேல் கதை சொல்ல வேண்டியதில்லை. கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். தனி மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வரும். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8, 10 என்று வாங்குகிற வீட்டில், மூன்று பேர் குடும்பத்துக்கு மாதம் ஐநூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரலாம்.

லீஸ் விஷயத்துக்கு வருவோம். 5 லட்சத்தைக் கொடுத்து மாதம் 10,000 மிச்சம் என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். எந்த வங்கியும் தராத வருமானம், அதனால்தான் உங்கள் தம்பிக்கு ஆசை. அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, ஓனர் கட்டாமல் விட்டால், வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும். உங்கள் 5 லட்சத்துக்கு நீங்கள் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். நடுவில் ஓர் ஏஜென்ட் ஓனரிடம் வாடகைக்கு எடுத்து, உங்களிடம் லீஸ் என்று பணம் வாங்கிக்கொண்டு மறைந்துபோவதும் நடக்கிறது. வில்லங்கச் சான்று எடுத்து, ஒப்பந்தத்தைப் பதிவு செய்து போகிறவர்களுக்கே இது தலைவலிதான். உங்கள் குடும்பத்தில் சம்பாதிப்பவர் ஒருவர், நகை ஒன்றுதான் கடைசிப் பிடி. அதை ஓர் ஓனரின் நாணயத்தில் கட்டி வைக்காதீர்கள்.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்ய வேண்டும். இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான் என்கிறது அந்தச் சட்டம். நடைமுறையில் யாரும் அதோடு நிற்பதில்லை, ஆனாலும் 60,000ஐ 50,000 ஆக்கப் பேரம் பேச அது உதவும். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அட்வான்ஸை வங்கி மூலம் மட்டும் கொடுங்கள். நேரில் பார்க்காத வீட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் என்று ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

அட்வான்ஸ் 60,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 10,000, திருச்சியிலிருந்து சாமான் ஏற்றிவர 12,000 என்று வைத்தால் உங்களிடம் 48,000 மிஞ்சும். ஏறக்குறைய நான்கு மாத வீட்டுச் செலவு அது. தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தால்தான் சாவி என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடுத்த டூ-லெட் போர்டைத் தேடிப் போங்கள்.