கரைசலை நீர்த்தால் கடத்துத்திறன் குறையுமா, கூடுமா?

தொடக்கக் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: உப்புக் கரைசலில் நீர் சேர்த்தபோது கடத்துத்திறன் குறைந்ததை ஆய்வுக்கூடத்தில் கண்ணால் பார்த்தேன்; பாடமோ மோலார் கடத்துத்திறன் கூடும் என்கிறது; எது சரி?

இரண்டும் சரி. சிங்கப்பூரின் ஜூரோங்கில் நீர்ப் பரிசோதனைக் கூடமொன்றில் பணிபுரியும் நான், காலையில் வந்ததும் கடத்துத்திறன் மானியை 0.01 மோலார் (லிட்டருக்கு 0.01 மோல்) பொட்டாசியம் குளோரைடு கரைசலில் முக்கி, 25 பாகை செல்சியசுக்குரிய 1.41 மில்லிசீமென்ஸ்/செ.மீ. வருகிறதா என்று சரிபார்ப்பேன். (மின்முனைகளுக்கிடையே ஒரு காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும் எண் இறங்கிவிடும், மானியை மெல்லத் தட்டிவிட்டுத்தான் குறித்துக்கொள்வேன்.) கடத்துத்திறன் செறிவுக்கு நேர்விகிதத்தில் கூடுமானால், செறிவைப் பத்து மடங்காக்கும்போது 14.1 வர வேண்டும், வருவது 12.9. நூறு மடங்காக்கி 1 மோலாருக்குப் போனால் 141க்குப் பதில் 112தான்.

மானி காட்டுவது, குறிப்பிட்ட அளவு கரைசலிலுள்ள அயனிகள் அனைத்தும் சேர்ந்து மின்சாரத்தைக் கடத்தும் திறன். அதைச் செறிவால் வகுத்து, ஒரு மோலின் பங்கு எவ்வளவு என்று பார்த்தால் அதுவே மோலார் கடத்துத்திறன்: மேற்கண்ட மூன்று கரைசல்களுக்கும் முறையே 141, 129, 112. ஒவ்வொரு அயனியையும் எதிர்மின்சுமை கொண்ட அயனிகள் சூழ்ந்திருப்பதால், அது நகரும்போது அந்தச் சூழல் பின்னால் இழுக்கிறது. எதிர்த்திசையில் செல்லும் அயனிகள் தம்முடன் நீரையும் இழுத்துச் செல்வது இன்னொரு தடை. நீர்க்கும்போது இந்தத் தடைகள் தளர்வதால் ஒரு மோலின் பங்கு கூடுகிறது; ஆனால் அதே அளவு கரைசலில் அயனிகள் குறைந்துவிடுவதால் மானியின் எண் இறங்குகிறது. செறிவு கூடும்போது மோலார் கடத்துத்திறன் குறைவது, நீர்த்த கரைசல்களில் செறிவின் வர்க்கமூலத்துக்கேற்ப அமைவதை ஜெர்மன் இயற்பியலாளர் கோல்ராஷ் அளந்து கண்டார். அதற்கான காரணத்தைக் கணக்கிட்டுக் காட்டியவர்களில் ஒருவர் 1968இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு பெற்ற ஆன்சாகர்.

முழுதும் அயனிகளாகப் பிரியும் உப்பைப் போலன்றி, வினிகரிலுள்ள அசெட்டிக் அமிலத்தின் கதை வேறு. 0.1 மோலாரில் அதன் மூலக்கூறுகளில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல்தான் அயனிகளாகப் பிரிந்திருக்கும். பத்து மடங்கு நீர்த்தால் அது நான்கைத் தாண்டும். எனவே மோலார் கடத்துத்திறன் 5.2இலிருந்து 16க்குத் தாவுகிறது. இங்கே அயனிகளின் வேகம் கூடியது அற்பம். எண்ணிக்கை கூடியதே காரணம். தேர்வில் மாணவர்கள் குழப்பிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நீங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்டதும் எல்லாச் செறிவுக்கும் பொருந்தாது. கந்தக அமிலத்தின் கடத்துத்திறன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் உச்சம் தொட்டு, அதற்கு மேல் கரைசல் பிசுபிசுப்பாவதாலும் அயனிகள் நெருக்கியடிப்பதாலும் இறங்கத் தொடங்குகிறது. 60 விழுக்காட்டு அமிலத்தை எடுத்து நீர்த்துக்கொண்டே வந்தால் (நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி அல்ல) மானியின் எண் முதலில் ஏறும்.