பவர் ஸ்டீயரிங் ஆயிலை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

கறுத்துப்போன ஸ்டீயரிங் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா, எஞ்சினை ஓடவிட்டு மாற்ற வேண்டுமா, நிறுத்திவிட்டு மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாற்றலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு. இதைத் தப்பாகச் செய்து, லுங்கியைப் பாழாக்கித்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் உங்கள் வண்டியில் அந்த ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது வரும் சிறிய கார்களில் பெரும்பாலும் மின்மோட்டார்தான் ஸ்டீயரிங்கை இலகுவாக்குகிறது. அவற்றில் ஆயிலே கிடையாது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தன் புதுக் காரின் பானட்டைத் திறந்து அரைமணி நேரம் தேடிவிட்டு, கண்ணாடி கழுவும் தண்ணீர் டப்பாவைக் காட்டி இதுதானா என்று கேட்டார்.

என்னுடையது 2009ஆம் ஆண்டு இன்னோவா, டீசல். பெல்ட்டில் சுழலும் பம்ப், ஒரு ஆயில் டப்பா, முன்சக்கரங்களைத் திருப்பும் ரேக் என்ற பகுதிக்குப் போகும் அழுத்தக் குழாய், டப்பாவுக்குத் திரும்பி வரும் குழாய். இவ்வளவுதான். இந்த வகைக் கார்களில் மொத்த ஆயில் ஒரு லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். எந்த ஆயில் என்பது வண்டியோடு தரும் புத்தகத்தில் இருக்கும். டப்பாவின் மூடியிலும் பல கார்களில் எழுதியிருக்கும். இன்னோவாவுக்கு டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை, அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் சிவப்பு ஆயில். ஹோண்டா கார்களுக்கு அவர்களுடைய தனி ஆயில், சில ஐரோப்பியக் கார்களுக்குப் பச்சை ஆயில். எல்லாம் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடைக்குப் போங்கள். பிரேக் ஆயிலைத் தவறியும் இதில் ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் சீல்கள் போய்விடும்.

இனி என் கதை. வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, திரும்பி வரும் குழாயைக் கழற்றி ஒரு கேனுக்குள் விட்டு, தம்பியை எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். மேலே புதியதை நான் ஊற்றிக்கொண்டே இருப்பேன், கீழே பழையது போய்க்கொண்டே இருக்கும் என்பது கணக்கு. பாட்டிலைச் சாய்ப்பதற்குள் டப்பா காலி. குழாய் கேனிலிருந்து துள்ளி எழுந்து, லுங்கி, மதில் சுவர், துளசி மாடம் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நிறுத்து நிறுத்து என்று நான் கத்தியது டீசல் எஞ்சின் சத்தத்தில் தம்பிக்குக் கேட்கவில்லை. பம்புக்கு உள்ளே மசகாக இருப்பதும் இதே ஆயில்தான். அது வறண்டு ஓடினால் தேய்ந்துவிடும். ஊற்றி நிரப்பிய பிறகும் ஒரு வாரம் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி பசித்த கன்றுக்குட்டி போல முனகியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முறையாகச் செய்தேன். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, கைப்பிரேக் போட்டு, முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு ஸ்டாண்டுகளில் உட்காரவைத்தேன். வெறும் ஜாக்கியை நம்பிக் குனியாதீர்கள். டப்பாவில் இருந்ததை 50 மில்லி சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன். டப்பாவின் அடியில் இரண்டு குழாய்கள்: தடித்தது பம்புக்குப் போவது, மெலிந்தது திரும்பி வருவது. மெலிந்ததைக் கழற்றி, டப்பாவில் திறந்துகிடந்த மூக்கை அடைக்க ஒரு துண்டு ரப்பர் குழாய்க்குள் போல்ட் ஒன்றைத் திணித்துக் கிளிப் போட்டேன். கழற்றிய குழாயின் முனையில், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாயைச் சேர்த்து, கேனுக்குள் விட்டு, இந்த முறை கம்பியால் கட்டினேன்.

டப்பாவில் புது ஆயிலை நிரப்பி, ஸ்டீயரிங் பூட்டு விடுபடும் அளவுக்கு மட்டும் சாவியைத் திருப்பி, தம்பியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்பச் சொன்னேன். திருப்பத் திருப்ப, ரேக்கில் தேங்கியிருந்தது ஆறிப்போன டிகாக்ஷன் நிறத்தில் கண்ணாடிக் குழாயில் நகர்ந்து வந்தது. பிறகு நன்னாரி சர்பத் நிறம். பிறகு சுத்தமான சிவப்பு. ஒன்றரை லிட்டர் செலவானது. அதுவரை என் வேலை ஒன்றுதான்: டப்பா பாதிக்குக் கீழே இறங்காமல் ஊற்றிக்கொண்டிருப்பது.

காற்றை வெளியேற்றுவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். குழாயைத் திரும்ப மாட்டி, டப்பாவை நிரப்பிய பிறகும் எஞ்சினைத் தொடாதீர்கள். ஒரு இருபது முறை இரு கோடிக்கும் திருப்புங்கள்; டப்பாவில் குமிழ்கள் எழுந்து அடங்கும். பிறகு ஸ்டார்ட் செய்து மறுபடி திருப்புங்கள், ஆனால் முழுக் கோடியில் ஐந்து நொடிக்கு மேல் பிடித்து நிற்காதீர்கள். அங்கேதான் பம்பின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். ஆயில் ரோஸ்மில்க் போல நுரைத்திருந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. ஒரு மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள்.

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால், இப்போது நான் செய்வதைச் செய்யுங்கள். சிரிஞ்சால் டப்பாவில் இருப்பதை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றி, ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி அதையே செய்வது. டப்பா மொத்த ஆயிலில் மூன்றில் ஒரு பங்கு பிடிக்கிறது என்றால், நான்காவது முறைக்குப் பிறகு பழைய ஆயில் 20 சதவீதம்தான் மிஞ்சும். எந்தக் குழாயையும் கழற்ற வேண்டியதில்லை, தம்பியும் வேண்டாம். ஆயில் அடிக்கடி குறைகிறது என்றால் மட்டும் இது மருந்தாகாது. எங்கோ கசிகிறது, அதைத் தேடுங்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் மெக்கானிக் கடையில் இருக்கும் கழிவு ஆயில் டிரம்முக்குக் கொண்டுபோனேன். அவர் கேனுக்குள் எட்டிப்பார்த்துவிட்டு, எத்தனை வருடமாக மாற்றவில்லை என்று கேட்டார். வண்டி வாங்கியதிலிருந்து என்று சொல்ல வாய் வரவில்லை.