பதில்: 12 இன்ச் சப்வூஃபருக்கு 3.2 கன அடி போர்ட் பெட்டி பெரிதா?

நீங்கள் சொன்ன 28×14×14 இன்ச் வெளி அளவுதானே? அதனால்தான் 3.2 கன அடி வருகிறது. பலகை முக்கால் இன்ச் என்றால் உள்ளே 26.5×12.5×12.5, அதாவது 2.4 கன அடிதான். அதிலும் போர்ட் (பெட்டிக்குள் காற்று போய்வரும் குழல், அதன் பலகையோடு சேர்த்து), ஸ்பீக்கரின் காந்தம், உள்ளே கொடுக்கும் முட்டு எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். 1.9 பக்கம் மிஞ்சலாம்.

ஸ்பீக்கரோடு வந்த தாளில் போர்ட் பெட்டிக்கான நிகரக் கொள்ளளவு (இவற்றையெல்லாம் கழித்து மிஞ்சுவது) 2 கன அடி என்றிருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். 1.25 என்றிருந்தால் பெட்டியைச் சுருக்குங்கள். ஆனால் பழைய போர்ட்டை அப்படியே வைக்காதீர்கள், ட்யூனிங் (போர்ட் ஒத்ததிரும் அதிர்வெண்) மேலே ஏறிவிடும். போர்ட்டின் நீளத்தை மறுபடி கணக்கிடுங்கள்.

அப்புறம், ஆம்ப்பில் சப்சோனிக் ஃபில்டரை (மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டுவது) ட்யூனிங்குக்குச் சற்றுக் கீழே வையுங்கள். ட்யூனிங்குக்குக் கீழே ஸ்பீக்கரின் கோனைப் பிடித்து நிறுத்தப் பெட்டிக்குள் காற்றழுத்தம் இருக்காது.