நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லையா?

கேள்வி: எனக்கு 32 வயது. ஐ.வி.எஃப். சிகிச்சையில் முதல் முறை வைத்த கரு தங்கவில்லை. லேபில் ஐந்து நாள் வளர்ந்த இன்னும் மூன்று கருக்களை உறைய வைத்திருக்கிறார்கள், மூன்றும் நல்ல தரம். டாக்டர் ஒன்று வைத்தால் போதும் என்கிறார். என் கணவர் ஆடிட்டர். 'ரெண்டா வெச்சா ஒரே செலவுல குடும்பமே முடிஞ்சிடும்' என்கிறார். வைப்பதற்கு முன் கருக்களுக்கு மரபணுப் பரிசோதனையும் செய்துகொள்ளச் சொல்கிறார்கள், அதற்குக் கட்டணம் தனி. (போன முறை நெகட்டிவ் வந்ததையே அவரிடம் நான்கு நாள் கழித்துத்தான் சொன்னேன். அவருக்கு ஆபீஸில் தலைக்கு மேல் வேலை.) எதில் வெற்றி அதிகம், எதில் செலவு குறைவு?
– பெயர் வேண்டாம்

பதில்: அடைப்புக்குறிக்குள் ஒரு வரி போட்டீர்களே அம்மா, நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

நான்கு நாள். ரத்தப் பரிசோதனை முடிவைப் போனில் பார்த்திருப்பீர்கள். அவர் ராத்திரி பத்து மணிக்கு வந்திருப்பார். சாப்பாடு எடுத்து வைத்திருப்பீர்கள். 'ஏன் ஒரு மாதிரி இருக்கே?' என்றால் 'தலைவலி' என்றிருப்பீர்கள். இதைத் தியாகம் என்று நினைத்துத்தானே எழுதினீர்கள்? தியாகமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவருக்கும் சேர வேண்டிய துக்கத்தை நீங்களே எடுத்துப் பூட்டி வைத்துக்கொண்டீர்கள்.

அவர் மட்டும் என்ன? முடிவு எந்தத் தேதியில் வரும் என்று அவருக்குத் தெரியாதா? வரி கட்டும் கடைசித் தேதியெல்லாம் மனப்பாடமாக இருக்கும் மனிதர், நான்கு நாளும் 'என்னாச்சு?' என்று கேட்கவில்லை. உங்கள் மேல் எனக்குப் பாதிக் கோபம் என்றால் அவர் மேல் முழுக் கோபம்.

இனி அவருடைய கணக்குக்கு வருகிறேன். 2004இல் ஸ்காண்டினேவிய நாடுகளில் 36 வயதுக்கு உட்பட்ட 661 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிப் பேருக்கு ஒரே நேரத்தில் இரண்டு கரு. மறு பாதிப் பேருக்கு ஒன்று. அது தங்காவிட்டால் உறைய வைத்ததில் இருந்து இன்னொன்று. இரண்டு வைத்தவர்களில் 42.9 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, ஒவ்வொன்றாக வைத்தவர்களில் 38.8. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பிறந்ததில் ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள்? இரண்டு வைத்த பக்கம் 33.1 சதவீதம், ஒன்று வைத்த பக்கம் 0.8.

அதைத்தான் கேட்கிறேன் என்பார் உங்கள் கணவர். இரட்டை என்றால் என்னவென்று அவர் யோசித்துப் பார்த்தாரா? இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரம் முடிவதற்குள் பிறந்துவிடுகிறார்கள். ஒற்றைப் பிள்ளையில் அது பத்தில் ஒன்று. தாய்க்கு ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாமே கூடுதல். என் தங்கை மகளுக்கு 31 வாரத்தில் இரட்டை பிறந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸ் சிரிஞ்சில் 2 மில்லி பாலை எடுத்து, மூக்கு வழியாகப் போட்ட குழாயில் இறக்குவாள். இரண்டு மணிக்கு ஒரு முறை. அந்தப் பெண் வயிற்றுத் தையலோடு பால் பீய்ச்சிக் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள், நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அந்த 5 வாரத்துக்கு வந்த பில்லில், இன்னொரு தடவை கரு வைக்கும் செலவைப் போல எத்தனையோ மடங்கு இருந்தது.

இந்தச் சிகிச்சையில் பெரிய செலவு ஊசிகளும் முட்டை எடுப்பதும் லேபில் கரு வளர்ப்பதும்தான். அதையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. உறைந்த கருவை எடுத்து வைப்பது அதில் ஒரு சிறு பங்கு. அதை மிச்சம் பிடிக்கப்போய் பச்சைக் குழந்தைகளின் ஐ.சி.யூ. பில்லை வரவழைத்துக்கொள்வதற்கு ஆடிட்டர் எதற்கு? அந்த ஐந்து வாரமும் பெஞ்சில் யார் உட்காருவார்கள் என்றும் கேளுங்கள். நான்கு நாள் கேட்காமல் இருந்தவரா?

மரபணுப் பரிசோதனை பற்றிக் கேட்டீர்கள். அது கருவைத் தேற்றாது, இருப்பதில் இருந்து பொறுக்கித்தான் கொடுக்கும். சீனாவில் 20 முதல் 37 வயது வரை உள்ள, உங்களைப் போலவே மூன்று அல்லது அதற்கு மேல் நல்ல கரு கையில் இருந்த 1,212 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. பரிசோதனை செய்தவர்களில் 77.2 சதவீதம் பேருக்குக் குழந்தை, செய்யாதவர்களில் 81.8. கருச்சிதைவு மட்டும் கொஞ்சம் குறைந்தது. குடும்பத்தில் பரம்பரை நோய் ஏதாவது இருந்தால் கதை வேறு, டாக்டரிடம் பேசுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பணம் கையில் இருக்கட்டும்.

மருத்துவமனை சொல்லும் வெற்றிச் சதவீதத்தையும் அப்படியே நம்பாதீர்கள். கரு வைத்தவர்களில் இத்தனை பேர் என்றா, ஊசி போட ஆரம்பித்தவர்களில் இத்தனை பேர் என்றா? பாசிட்டிவ் வந்ததா, பிள்ளை கைக்கு வந்ததா? உங்கள் வயதுக்காரர்களில் எத்தனை பேர்? இந்தக் கேள்விகளை நீங்கள் கேட்டால் சிரித்துவிட்டு நகர்வார்கள். ஆடிட்டர் கேட்கட்டும்.

டாக்டர் சொன்னதுதான் சரி, ஒன்று வையுங்கள். ஆனால் உங்கள் கணவர் வந்து டாக்டர் எதிரே உட்கார்ந்து, தன் காதால் கேட்டு, தன் கையால் படிவத்தில் கையெழுத்துப் போடும்வரை எதையும் வைக்காதீர்கள். பிள்ளை வரும் வீட்டில் அப்பனும் இருக்க வேண்டும், செலவைக் கூட்டிச் சொல்ல மட்டும் அல்ல. வேலை இருக்கிறது என்பாரா? இருக்கட்டும். கரு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கிடக்கிறது, அதற்கு வயதே ஏறாது. உங்களுக்கும் ஒன்றிரண்டு மாதத்தில் ஒன்றும் ஆகிவிடாது. அவருக்கு எந்தத் தேதியில் வேலை ஓய்கிறது என்று இன்று ராத்திரியே கேளுங்கள். அந்தத் தேதிக்கு அப்புறம் டாக்டரிடம் நேரம் வாங்குங்கள், இரண்டு பேர் பெயரிலும்.