மருந்து முடிந்த பின்னும் ‘பாசிட்டிவ்’ ஏன்?

கேள்வி: ஹெபடைடிஸ் சி தொற்றுக்காக என் கணவர் சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் மாத்திரைகளை 12 வாரங்கள் தவறாமல் உட்கொண்டார். ஓராண்டு கழித்து, வேறோர் அறுவை சிகிச்சைக்காக எடுத்த இரத்தப் பரிசோதனையில் ‘ஆன்டி எச்.சி.வி. பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. நோய் திரும்பிவிட்டதா?

பதில்: இந்த ஒரு முடிவை வைத்து அப்படி அஞ்ச வேண்டாம், அம்மா. அந்தப் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை. அதை எதிர்த்து உடல் உருவாக்கிய எதிர்ப்பான்களையே தேடுகிறது. வைரஸ் முற்றிலும் நீங்கிய பிறகும் எதிர்ப்பான்களின் அளவு ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறையுமே தவிர, பெரும்பாலோருக்கு அவை மறைவதில்லை. குணமானதை உறுதிசெய்வது ஆர்.என்.ஏ. பரிசோதனைதான், மருந்து முடிந்து 12 வாரங்களுக்குப் பின் இரத்தத்தில் வைரஸின் மரபுப்பொருள் தென்படாவிட்டால், நோய் குணமாகிவிட்டதென்றே மருத்துவர்கள் கொள்கிறார்கள். அந்த அறிக்கை இருந்தால் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்; இல்லையெனில், உடனே அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது: இந்த எதிர்ப்பான்கள் அவருக்குக் காவல் அல்ல. சுத்தமற்ற ஊசி வழியாகவோ இரத்தம் வழியாகவோ வைரஸ் மீண்டும் தொற்றக்கூடும்.

ஹெபடைடிஸ் பி-யில் கதை வேறு. அங்கே வைரஸின் மேற்பரப்புப் புரதமான ‘மேற்பரப்பு ஆன்டிஜென்’ இரத்தத்திலிருந்து மறைந்து அதற்குரிய எதிர்ப்பான் தோன்றுவது நல்ல அறிகுறி என்றாலும், அந்நோய்க்கான டெனோஃபோவிர் மாத்திரை உட்கொள்வோரில் மிகச் சிலருக்கே அது நிகழ்கிறது; எனவே மருத்துவரைக் கேட்காமல் அம்மருந்தை நிறுத்துவது ஆபத்து.

உங்கள் கணவருக்குச் சிகிச்சைக்கு முன்பே சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிய நிலை) இருந்திருந்தால், வைரஸ் நீங்கிய பிறகும் கல்லீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு எஞ்சியிருப்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் தொடர வேண்டும்.