டாஸ்க் மேனேஜரில் 35 சதவீதம், பாட்டிலோ பட் பட்: எங்கே நெரிசல்?

கேள்வி: 8 கோர் மடிக்கணினி, 16 ஜிபி ரேம், விண்டோஸ் 11. இசை மென்பொருளில் செய்துவரும் ஒரு பாட்டு 42 டிராக் (தனித்தனி ஒலி வரிசை) ஆகிவிட்டது. கோரஸ் வந்ததும் பட் பட்டென்று வெடிக்கிறது, மென்பொருளின் சிபியு மீட்டர் சிவப்பைத் தொடுகிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 35 சதவீதம்தான். பஃபர் (ஒரு தடவையில் கணக்கிடும் ஒலித் துண்டு) 128 சாம்பிள், சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 48,000 சாம்பிள். புதுக் கணினி வாங்குவது தவிர வழி உண்டா?

பதில்: உண்டு, இப்போதைக்கு வாங்க வேண்டாம். இரண்டு மீட்டரில் எதுவும் தப்பாகக் காட்டவில்லை. டாஸ்க் மேனேஜர் எல்லாக் கோர்களின் உழைப்பையும் சேர்த்துச் சராசரி சொல்கிறது. இசை மென்பொருளின் மீட்டருக்குச் சராசரியைப் பற்றிக் கவலையில்லை, அது பார்ப்பது கெடுவை. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.67 மில்லி விநாடி. அதற்குள் 42 டிராக்கும் கலந்து ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (கணினிக்கு ஒலியை உள்ளே வெளியே கொண்டுபோகும் பெட்டி) போய்ச் சேர வேண்டும். 2.6-ல் முடிந்தால் சுத்தமாகக் கேட்கும், 2.8 ஆனால் ஒரு 'பட்'.

ஒரு டிராக்கில் போட்ட பிளக்இன்கள் (ஒலியை உண்டாக்கும், மாற்றும் துணை மென்பொருள்கள்) வரிசையாகத்தான் ஓடும். ஈக்யூ முடித்துக் கொடுத்த பிறகுதான் கம்ப்ரெசருக்கு வேலை. அதனால் ஒரு டிராக்கின் சங்கிலியைப் பல கோர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க முடியாது. எட்டில் ஒரு கோர் மூச்சு முட்டினாலும் சராசரியில் அது 12.5 சதவீதமாகத்தான் தெரியும். மற்ற ஏழும் சும்மா இருக்க, பாட்டு வெடிக்கும். நீங்கள் தேட வேண்டியது அந்த ஒரு சங்கிலியை.

முதலில் பஃபரை 1024 ஆக்கி, கோரஸை லூப்பில் ஓடவிடுங்கள். இப்போது கெடு 21.3 மில்லி விநாடி. வெடிப்பு நின்று மீட்டரும் நன்றாக இறங்கினால், 128 இந்தப் பாட்டுக்குக் குறுகிய கெடு, அவ்வளவுதான். மிக்ஸிங் முழுக்க 1024-லேயே செய்யலாம், குரல் பதியும்போது மட்டும் 128-க்கு இறக்கினால் போதும். மீட்டர் அங்கேயே நின்றால் ஏதோ ஒரு சங்கிலி ஒரு கோரின் சக்தியையே மீறுகிறது என்று பொருள், பஃபரை எவ்வளவு கூட்டினாலும் அது சரியாகாது. மீட்டர் தாழ்வாக இருந்தும் வெடித்தால் குற்றவாளி பெரும்பாலும் பிளக்இன் அல்ல, விண்டோஸ் டிரைவர் (ஒரு சாதனத்தை இயக்கும் மென்பொருள்). அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சங்கிலியைத் தேட மாஸ்டரிலிருந்து தொடங்குங்கள். எல்லா டிராக்கும் முடிந்து வந்து சேரும் இடம் அது. அங்கே லீனியர் ஃபேஸ் ஈக்யூ, 8 மடங்கு ஓவர்சாம்பிளிங் (சாம்பிள் ரேட்டை உள்ளுக்குள் பெருக்கிக் கணக்கிடுவது) வைத்த லிமிட்டர் என்று மாஸ்டரிங் சாமான்களை மெட்டுப் போடும்போதே ஏற்றி வைப்பது பரவலான பழக்கம். 48 கிலோஹெர்ட்ஸில் 8 மடங்கு என்றால் அந்த பிளக்இன் உள்ளுக்குள் 384 கிலோஹெர்ட்ஸில் உழைக்கிறது. பாட்டு முடியும்வரை அவை அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஓவர்சாம்பிளிங்கை எக்ஸ்போர்ட்டின்போது மட்டும் கூட்டும் வசதி பல பிளக்இன்களில் இருக்கிறது, இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

அணைத்துப் பார்க்கும்போது ஒரு கவனம். பிளக்இன் ஜன்னலுக்குள் இருக்கும் பைபாஸ் பொத்தான் பல நேரம் ஒலியை மாற்றாமல் விடுமே தவிர, கணக்குப் போடுவதை நிறுத்தாது. டிராக்கை மியூட் செய்வதும் பல மென்பொருள்களில் அப்படித்தான். மென்பொருளின் டிசேபிள் அல்லது ஆஃப்லைன் கட்டளையால் நிறுத்தினால்தான் மீட்டர் உண்மையைச் சொல்லும்.

ரீப்பரில் பெர்ஃபார்மன்ஸ் மீட்டர், ஏபிள்டன் லைவ் 11 முதல் செஷன் வியூவில் டிராக்குக்கு டிராக் சிபியு மீட்டர், ஸ்டூடியோ ஒன்னில் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர்: இவை எந்த டிராக் தின்கிறது என்று நேராகவே காட்டிவிடும். அப்படி ஒன்று இல்லாவிட்டால் ப்ராஜெக்டை வேறு பெயரில் சேமித்துக்கொண்டு, பாதி டிராக்குகளை டிசேபிள் செய்யுங்கள். மீட்டர் விழுந்தால் குற்றவாளி அந்தப் பாதியில். அதை மறுபடி பாதியாக்குங்கள். ஆறு தடவைக்குள் 42-லிருந்து ஒன்றுக்கு வந்துவிடலாம்.

கோரஸில் மட்டும் வெடிக்கிறது என்பதால் சந்தேகம் பேட் சின்த் (நீண்ட பின்னணிக் கார்டுகளை ஒலிக்கும் மென்பொருள் வாத்தியம்) மேல் போகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4 சுரக் கார்டு, சுரத்துக்கு இரண்டு ஆசிலேட்டர் (ஒலி உண்டாக்கும் பகுதி), ஒவ்வொன்றிலும் யூனிசன் (அதே ஒலியின் அடுக்குகள்) 8. மொத்தம் 64 ஆசிலேட்டர். ரிலீஸ் (விசையை விட்ட பிறகு ஒலி அடங்கும் நேரம்) 5 விநாடி என்றால், அடுத்த கார்டு வரும்போது முந்தைய கார்டின் 64-ம் இன்னும் அணையவில்லை, சுமை 128 ஆகிறது. வேகமாகக் கார்டு மாறினால் மூன்றாவது அடுக்கும் ஏறும். யூனிசனை 4 ஆக்கி, வாய்ஸ் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்கள்) எண்ணிக்கைக்கு 8 என்று வரம்பு வைத்து, ரிலீஸை 2 விநாடியாகக் குறைத்து, ஒலியின் நீண்ட வால் வேண்டுமென்றால் அதை ரிவெர்பிடம் (அறை எதிரொலி எஃபெக்ட்) விட்டுவிடுங்கள். மிக்ஸுக்குள் கேட்டால் வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது.

அந்த ரிவெர்பும் டிராக்குக்கு ஒன்றாக இன்சர்ட்டில் (அந்த டிராக்குக்குள்ளேயே) இருந்தால் வீண் செலவு. பெரும்பாலான பாட்டுகளுக்கு நீளமானது ஒன்று, குட்டையானது ஒன்று என்று இரண்டு சென்ட் (பல டிராக்குகள் பகிர்ந்துகொள்ளும் எஃபெக்ட்) போதும். கன்வல்யூஷன் ரிவெர்ப் (உண்மையான அறையின் பதிவை வைத்துக் கணக்கிடும் வகை) என்றால் மீட்டரில் வித்தியாசம் உடனே தெரியும்.

பலர் கவனிக்காத காரணம் இன்னொன்று: ரெக்கார்ட் பொத்தான். க்யூபேஸின் அசியோ கார்ட், ரீப்பரின் முன்கூட்டிய எஃபெக்ட் கணக்கு ஆகியவை டிராக்குகளைச் சற்று முன்னதாகவே நிதானமாகக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். டிராக்கை ரெக்கார்டுக்கோ மானிட்டருக்கோ ஆயத்தமாக்கியதும் அந்தச் சலுகை போய்விடும், அது 2.67 மில்லி விநாடிக் கெடுவுக்குள் வந்துவிடும். மேக்கில் ஓடும் லாஜிக்கில் இன்ஸ்ட்ருமென்ட் டிராக்கைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பதே போதும், காலி ஆடியோ டிராக்குக்கு மாறினால் மீட்டர் இறங்குவதைப் பார்க்கலாம். ஆகவே வாசித்து முடித்த டிராக்குகளின் சிவப்புப் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

எதையும் குறைக்க மனமில்லையா, ஃப்ரீஸ் செய்யுங்கள். டிராக் ஒலிக் கோப்பாக மாறிவிடும், சின்த்தும் எஃபெக்ட்டும் ஓடாது. திருத்த வேண்டுமானால் அன்ஃப்ரீஸ் செய்து கொள்ளலாம். மீட்டரில் முதலிடம் பிடித்த மூன்று டிராக்குகளை ஃப்ரீஸ் செய்தாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

இனி டிரைவர். இன்டர்ஃபேஸ் தயாரித்த நிறுவனத்தின் அசியோ டிரைவரையே (இசை வேலைக்கான, தாமதம் குறைந்த ஒலி டிரைவர்) போடுங்கள். வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துவிட்டுப் பாட்டை ஓட்டுங்கள். வெடிப்பு நின்றால் விடை கிடைத்துவிட்டது, அந்த டிரைவரைப் புதுப்பியுங்கள். நிற்காவிட்டால் லேடன்சிமான் என்ற கருவியைப் பத்து நிமிடம் ஓடவிட்டால், எந்த டிரைவர் புராசசரை நெடுநேரம் பிடித்து வைக்கிறது என்று பெயரோடு சொல்லும். கிராபிக்ஸ் டிரைவரும் பேட்டரி மேலாண்மையும் அதில் அடிக்கடி தலைகாட்டும்.

மடிக்கணினி என்பதால் சார்ஜரைச் செருகி, பவர் அமைப்பை அதிகபட்ச செயல்திறனுக்கு மாற்றுங்கள். முதல் கால் மணி நேரம் ஒழுங்காக ஓடிப் பிறகு வெடிக்கத் தொடங்கினால் அது சூடு. டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் கிகாஹெர்ட்ஸ் எண் திடீரென்று சரிகிறதா என்று பாருங்கள்.

'ரேமை 32 ஆக்கு' என்று யாராவது சொல்வார்கள். பெரிய சாம்பிள் லைப்ரரிகள் 16 ஜிபியை நிரப்பி, டிஸ்க் மீட்டரும் துள்ளினால் தவிர, இந்தக் கோளாறுக்கு அது மருந்தாகாது.

அவசரமாகப் பாட்டை அனுப்ப வேண்டியிருந்தால் ஆஃப்லைனில், அதாவது பாட்டை ஓடவிட்டுப் பதியாமல், எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அங்கே கெடு இல்லை, அது நிதானமாகக் கணக்குப் போடும், கேட்ட வெடிப்பு கோப்பில் வராது. ஆனால் குரல் பதியும்போது விழுந்த வெடிப்பு பதிவிலேயே தங்கிவிடலாம், அந்த டேக்கைத் தனியாக ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தீராமல் கணினி வாங்கியே ஆக வேண்டுமென்றால், கோர் எண்ணிக்கையை விட ஒற்றைக் கோரின் வேகத்தைப் பாருங்கள். மெதுவான 16 கோரில் உங்கள் பேட் சின்த் இதே போலத்தான் வெடிக்கும்.